பாக்கெட்டின் பின்பக்கம்

இரண்டு ஜெல்லி டப்பாக்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மளிகைக் கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே ஜோதி மேரி நின்றிருந்தாள்.

வலது கையில் இருந்த டப்பாவில் அசைவம் என்று பழுப்பு முக்கோணம் போட்டிருந்தது. உள்ளே ஜெலட்டின். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற சரக்கு. அது ஆகாது. இடது கையில் இருந்ததில் பச்சைப் புள்ளி. சுத்த சைவம்தான். ஆனால் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 407 என்று ஓர் எண் இருந்தது. கடல்பாசியிலிருந்து எடுப்பது. கடலூர் மாவட்டத்தில் எல்லோரும் தின்னலாம். அவள் வீட்டுக்காரர் டேவிட் ராஜ் தின்னக் கூடாது.

இரண்டையும் திரும்ப அடுக்கில் வைத்தாள். கண் எரிந்தது. மஞ்சக்குப்பத்தில் அந்தக் கடையை நடத்தும் சுப்புராயன் அவளுக்காகவே பிஸ்கட் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். முதல் வருஷம் அவர் கோபப்பட்டார். இரண்டாவது வருஷம் கேலி செய்தார். மூன்றாவது வருஷத்தில் ஸ்டூல் போட்டுவிட்டார். ஜோதி மேரி அதில் உட்கார்ந்து செல்போனை எடுத்து நாத்தனாருக்கு அடித்தாள்.

நாத்தனார் சவரிமேரி சிதம்பரத்தில் இருக்கிறாள். டேவிட் ராஜுக்கு ஒரே தங்கச்சி. வாடகை வீட்டிலேயே பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டு இப்போதுதான் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தாள். வருகிற சனிக்கிழமை வீடு மந்திரிப்பு. பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணித் தீர்த்தம் தெளிப்பார், அதற்கப்புறம் அறுபது பேருக்கு மட்டன் பிரியாணி. கடைசியில் கொடுக்க ஜெல்லி மட்டும் அண்ணி செய்துகொண்டு வந்தால் போதும் என்று அவள் கேட்டிருந்தாள்.

ஜெல்லி வேண்டாமே, பண்ருட்டிப் பலாப்பழம் நாலு வாங்கி வந்துவிடுகிறேனே என்றாள் ஜோதி மேரி. காரணத்தையும் சொன்னாள்.

சவரிமேரி குறுக்கே கேட்டாள்.

"அண்ணனுக்கு ஆகலன்னா அண்ணன் திங்க வாணாம் அண்ணி. மத்த அம்பத்தொம்போது பேரு என்னா பண்ணாங்க?"

நியாயமான கேள்விதான். ஜோதி மேரிக்கும் அது தெரியும். ஆனால் டேவிட் ராஜ் பேசிக்கொண்டே கைக்கு எட்டியதை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற ஆள். அதை விளக்கப் போய், அப்படியே பிரியாணியைப் பற்றியும் பேச்சு வந்து, அண்ணனுக்கு மட்டும் நெய் தயிர் இல்லாமல் தனிச் சட்டியில் கொஞ்சம் கோழி போட முடியுமா என்று கேட்டுவிட்டாள். சவரிமேரி பெருமூச்சு விட்டு, சரி அண்ணி என்றாள். அந்தச் 'சரி'யில் ஒரு சுருக் இருந்தது.

இதெல்லாம் ஆரம்பித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். மகள் கல்யாணமாகி பெங்களூருக்குப் போன அதே வருஷம். காடாம்புலியூரில் ஒரு நண்பரின் முந்திரித் தோப்பில் கறி விருந்து என்று டேவிட் ராஜ் போனார். அங்கே காலில் ஓர் உண்ணி கடித்தது. பத்து நாள் சொறிந்துவிட்டு மறந்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் மட்டன் சாப்பிட்டு வீட்டுக்கு வந்து, நாலு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மீட்டார்கள். எறால் என்றார்கள். எறாலை நிறுத்தினார்கள். திரும்பவும் வந்தது. கத்தரிக்காய் என்றார்கள். அதையும் நிறுத்தினார்கள். மூன்றாவது தடவை, சிதம்பரத்தில் அவருடைய ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டாக்டர்தான் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிக் கண்டுபிடித்தார். அந்த உண்ணி கடித்ததில் உடம்பு மாறிப்போய்விட்டது. பால் கொடுக்கிற எந்தப் பிராணியின் கறியும் ஆகாது. ஆடு, மாடு, பன்றி மூன்றும் கூடாது. கோழி, மீன், முட்டை சாப்பிடலாம்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. ஒரு கப் ஐஸ்கிரீம் தின்று அதற்கும் தடித்ததால் பால், தயிர், நெய் எல்லாம் போயிற்று. அதன் பிறகுதான் பாக்கெட்டுகள் வந்தன. பிஸ்கட்டில் பால் பொடி. சிப்ஸ் மசாலாவில் மோர்த்தூள். சூப் பொடியில் கொழுப்பு. மாத்திரை உறையில்கூட ஜெலட்டின். கடல்பாசிச் சத்திலும் கறியில் இருக்கிற அதே சமாச்சாரம். டாக்டர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு பக்கம் மூன்று வருஷமாக ஜோதி மேரியின் தலையில் உட்கார்ந்திருந்தது.

அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். ஊசியில் நூல் கோக்கும் கண்ணை இந்த எழுத்துகள் தின்றுவிட்டன. வாக்குக் கொடுத்த தேதிக்கு ஒரு ஜாக்கெட்டும் போவதில்லை. ஆனாலும் அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் மாதத்தில் ஒருமுறை, "தல சுத்துதுங்க இதப் படிச்சி" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டேவிட் ராஜ் ஒரு வாரம் வெறும் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு, உனக்குப் பாரமாயிட்டேன் ஜோதி என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாக்கெட் படித்தாள். புதுசாக ஒரு பெயரைக் கண்டுபிடித்தால் அதிசயம் மாதிரி அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு இது நல்லாப் பொழுதுபோவுதுங்க என்றாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒனக்கு இதுல கை வந்துடுச்சி ஜோதி" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்பட்டதால் அவளால் நிறுத்த முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சவரிமேரி போன் செய்தாள். எடுத்ததும் அழுகை.

நடந்தது இதுதான். தனிச் சட்டி எதற்கு என்று சமையல் மாஸ்டர் பக்கிரி கேட்டிருக்கிறார். சவரிமேரியின் வீட்டுக்காரர் மரிய ஜோசப் அதிகம் பேசாதவர். "மச்சான் கறிய வுட்டுட்டாரு" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். பக்கிரிதான் அந்தப் பங்கில் எல்லா விசேஷத்துக்கும் சமைப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் விஷயம் வளர்ந்துவிட்டது. நல்லாக் கறி தின்றுகொண்டிருந்த மனுஷன் எதற்கு விடுவான்? கறி கூடாது என்று சொல்கிற ஏதோ புதுச் சபையில் சேர்ந்துவிட்டானாம். ஞானஸ்நானம்கூட ஆயிடுச்சாம், பிச்சாவரம் உப்பாத்துலியாம்.

"சாமியாரே என்னக் கூப்பிட்டுக் கேக்குறாரு அண்ணி. அண்ணன் சபை மாறிட்டாரான்னு. நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டு வூடு மந்திரிக்கிறது?"

"அலர்ஜின்னு சொல்ல வேண்டியதுதானே சவரி?"

"சொன்னேன். ஆட்டுக்கறிக்கு எவனுக்காச்சும் அலர்ஜி வருமான்னு கேக்குறாங்க. கத்தரிக்காய்க்கு வரும், கருவாட்டுக்கு வரும். எனக்கே நம்ப முடியல."

ஜோதி மேரி தையல் மெஷினிலிருந்து எழுந்தாள். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நேரில் காட்டிவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தாள். டேவிட் ராஜ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் மதிய இடைவேளையில் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார். கடைசியாக எடுத்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, பழசே போதும், அதிலேதான் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றார். ரிப்போர்ட்டெல்லாம் எதற்கு, நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அவர் பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தங்கச்சி அழுதால் இவரும் சேர்ந்து அழுவார்.

அவளே பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வெயிலில் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது, புது வீட்டில் கதவுகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். மரிய ஜோசப் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து அவர் ஒரே வரியில் சுருக்கிச் சொன்னார்.

"உண்ணி கடிச்சி வந்ததாம்."

அவ்வளவுதான். உண்ணிக் காய்ச்சல் என்று அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. போன மழைக்காலத்தில் நாலைந்து பேர் அதில் படுத்திருந்தார்கள். ஜோதி மேரி திரும்பி கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் சவரிமேரி மறுபடி அழைத்தாள். சபை மாறிய பேச்சு அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் இப்போது தொத்து வியாதி வேறு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று மூன்று வீட்டிலிருந்து கேட்டுவிட்டார்கள்.

ஜோதி மேரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் பக்கத்துக் கடையில் தொங்கிய முறுக்குப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது.

அன்று சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் பேசினார்கள். சவரிமேரி ஒரே ஒரு வழி சொன்னாள். சனிக்கிழமை அண்ணன் முதல் பந்தியில், சாமியாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். எல்லோரும் பார்க்க ஒரே ஒரு துண்டு மட்டன் தின்ன வேண்டும். ஒரு துண்டில் சபையும் அடங்கிவிடும், காய்ச்சலும் அடங்கிவிடும்.

"துண்டு சின்னதாக்கூட இருக்கட்டுண்ணே. எனக்காவ."

டேவிட் ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனைப் பார்த்தார், ஜோதி மேரியைப் பார்த்தார். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். பயப்படுகிறார் என்று நினைத்து அவள் முந்திக்கொண்டாள்.

"அவரு உசுரு சவரி. ஒரு துண்டுனாலும் உசுருதான். நீ ஒண்ணு பண்ணு. அறுபது பேருக்கும் கோழியே போட்டுடு. வித்தியாசம் இருந்தாத்தானே கேள்வி வரும்?"

டேவிட் ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அமர்த்தினாள். நான் பார்த்துக்கொள்கிறேன், ஒண்ணும் சிரமமில்லை, எனக்கு இதெல்லாம் பிடித்த வேலைதானே என்று சிரித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். சவரிமேரி வேறு வழியில்லாமல் கோழிக்கே ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருமே சிதம்பரம் போய்விட்டார்கள். டேவிட் ராஜ் மரிய ஜோசப்போடு நாற்காலி சொல்லப் போனார். ஜோதி மேரி கொல்லைப்புறத்தில் இறக்கி வைத்திருந்த மளிகைச் சாமான்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கிரி அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

முதலில் நெய் டின்னை எடுத்து ஓரமாக வைத்தாள். அடுத்து தயிர். பிரியாணி மசாலாப் பாக்கெட்டைத் திருப்பினாள், பால் பொடி இருந்தது. அதுவும் ஓரம். வனஸ்பதியை வெகுநேரம் படித்துவிட்டு நம்பிக்கையில்லாமல் அதையும் ஓரமாக வைத்தாள். பக்கிரி அடுத்த கல்லை எடுத்து வைத்தார். கடைசியில் பழைய செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. அதில் முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

"இது என்னா மாஸ்டர்?"

"அது நம்ம கைப்பொடிம்மா."

"அதுல என்னா என்னா இருக்கு?"

"அத எங்கப்பனே என்கிட்ட சாவும்போதுதான் சொன்னாரு."

கேட்டே ஆக வேண்டும் என்றாள் ஜோதி மேரி. சொல்லவே முடியாது என்றார் பக்கிரி. அப்படியானால் அது சட்டியில் விழக் கூடாது என்றாள். பக்கிரி கையிலிருந்த செங்கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். முப்பது வருஷமாக இந்த ஊரில் சமைக்கிறேன், ஆறு சாமியார் மாறியாச்சு, ஒரு மனுஷரும் என் பொட்டலத்தைப் பிரித்தது இல்லை என்று கோபமில்லாத குரலில் சொன்னார். பிறகு கரண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டு, டிவிஎஸ்ஸில் கட்டி, கிளம்பிப் போய்விட்டார்.

சவரிமேரி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, "இனிமே நீங்கதான் அண்ணி" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஜோதி மேரி சமைத்தாள். சவரிமேரியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் வெங்காயம் அரிந்தார்கள். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, கடலை எண்ணெயில் பட்டை கிராம்பு தாளித்து, கோழியைப் போட்டு, நெய்யும் தயிரும் வெளியே வாங்கிய பொடியும் இல்லாமல் அறுபது பேருக்கு ஒரு சோறு பொங்கினாள். அடுப்புப் புகையில் கண்ணைத் துடைக்க முந்தானை போதவில்லை. நடுவில் டேவிட் ராஜ் வந்து நின்றார். மேல் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா ஜோதி?"

இடுப்பு இரண்டாக விட்டுப்போயிருந்தது. அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா? இன்னும் நூறு பேருனாலும் பொங்குவேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

சாமியார் வந்தார். ஒவ்வொரு அறையிலும் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். உண்ணிக் காய்ச்சலுக்குப் பயந்து மூன்று வீட்டார் வரவில்லை. வந்தவர்கள் டேவிட் ராஜைக் கண்டதும் நின்று யோசித்து, தூரத்திலிருந்தே கும்பிட்டார்கள். முதல் பந்தியில் சாமியாருக்குப் பக்கத்தில் அவருக்கு இலை போட்டார்கள். அவருக்கு மறுபக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

சோற்றைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. மரிய ஜோசப்பின் பெரியப்பா மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது என்றார். ஒருவர் உப்பு கேட்டார். மற்றவர்கள் பேசாமல் மென்றார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஜோதி மேரிக்கு அந்த அமைதி காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் மரிய ஜோசப் உள்ளேயிருந்து ஒரு சின்னத் தூக்குவாளியோடு வந்தார். பெண்டாட்டியின் மூஞ்சியைப் பார்க்கப் பொறுக்காமல், கீழவீதிப் பக்கம் எங்கோ போய் மட்டன் சுக்கா வாங்கி வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் பந்தி முழுக்க மூக்கை உயர்த்தியது. அவர் நேராக டேவிட் ராஜின் இலைக்கு வந்து, மிளகும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை எடுத்து வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு மச்சான்."

மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். சாமியார்கூட ஜன்னல் பக்கம் பார்ப்பது மாதிரி இலையைத்தான் பார்த்தார். சவரிமேரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டேவிட் ராஜ் அந்தத் துண்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்து, சோற்று வாளியும் கையுமாக நின்ற ஜோதி மேரியைப் பார்த்தார். அவள் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தார். துண்டை ஒரு விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளினார்.

"வாணாம் மாப்ள. ஜோதி பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கா. எனக்கு அதுவே போதும்."

சவரிமேரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சபை மாறியது உறுதிதான் என்று யாரோ பின்வரிசையில் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சாமியார் மோரைக் கேட்டார். மோர் இல்லை என்றாள் ஜோதி மேரி.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் மறுத்துவிட்டதில் அவளுக்கு உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதி. மூன்று வருஷப் பாடு வீண்போகவில்லை. மனுஷன் உயிரோடு இருக்கிறார். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாத்திரம் கழுவி முடித்து, மாலை நாலு மணிக்கு முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். டேவிட் ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்கையைச் சொறிந்தார். பிறகு தோளைச் சொறிந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். தோளிலிருந்து முதுகு வரை செக்கச்செவேல் என்று தடித்திருந்தது.

சாப்பிட்டு மூன்றரை மணி நேரம். ஏறக்குறைய அதே கணக்கு.

அவள் துள்ளி எழுந்தாள். ஒண்ணுமில்ல ஜோதி, வேர்க்குருவா இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் மரிய ஜோசப்பை ஆட்டோ கூப்பிட விரட்டினாள். ஆட்டோ வருவதற்குள் கொல்லைக் குப்பையைக் கிளறி, காலையில் பிரித்த ஒவ்வோர் உறையையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எண்ணெய்க் கவர், மஞ்சள்தூள் கவர், அரிசி மூட்டையின் மேல் துண்டு எல்லாமே அதில் இருந்தன. ஆட்டோ குலுங்கிக்கொண்டு போக, ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதின. எதை விட்டேன், எதை விட்டேன் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே டாக்டர்தான். டேவிட் ராஜை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். வெளியே பெஞ்சில் ஜோதி மேரி உறைகளைப் பரப்பினாள். முழங்கால் வரை பரந்தது. அந்த கிளினிக்கில் ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, சீட்டு கொடுப்பது எல்லாம் ராமாமிர்தம்தான். நரைத்த மீசைக்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை வந்தபோது பார்த்த அதே ஆள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், பெஞ்சில் கிடந்த குப்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணும் பயப்பட வாணாம்மா. புதுக் கதவுல வெறும் தோளோட சாஞ்சிருக்காரு. வார்னிஷ் பட்டுத் தடிச்சிருக்கு. களிம்பு தடவியாச்சி, எழுந்து உக்காந்துட்டாரு."

அவள் நம்பவில்லை. சாப்பாட்டால் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். நிச்சயமாகவா என்றாள். நிச்சயமாக என்றார். நெஞ்சில் அடைத்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கியதும், இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததும் கூடவே இறங்கிவிட்டது. கையிலிருந்த மஞ்சள்தூள் கவரை மடியில் போட்டுவிட்டு, மூன்று வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை, முன்பின் அதிகம் பழகாத அந்த மனுஷரிடம் சொன்னாள்.

"என்னால முடியலண்ணே. மூணு வருசமா இதே வேல. கண்ணு போச்சி, பொழப்பு போச்சி, இன்னிக்கு நாத்தனாரும் போயிட்டா. இந்த எழுத்தப் பாத்தாலே வாந்தி வருது. அவரு மனசு நோவக் கூடாதேன்னு சிரிச்சிகிட்டே படிச்சிகிட்டு இருக்கேன்."

ராமாமிர்தம் உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெஞ்சின் ஓரத்தில் கிடந்த உறைகளை ஒதுக்கிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மீசையைத் தடவினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னம்மா சொல்றீங்க, சாருக்கு அந்தக் கறி அலர்ஜி சுத்தமாப் போயி ஒன்றர வருசமாவுது; 'பொண்ணு போனதுலேருந்து ஜோதி சிரிக்கிறது பாக்கெட்டு படிக்கிறப்போ மட்டுந்தான், அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு எங்க எல்லாரு வாயையும் கட்டி வச்சிருக்காரு."